ஏடு கட்டிய பீப்பாய்

விளக்கை அணைத்து, போர்வையை இழுத்துவிட்டு, குழந்தையின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. இருட்டுக்குள் யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்து அவசரமில்லாமல் பால் குடிப்பதைப் போல, ஒரு மடக்கு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு மடக்கு. செலஸ்தீன் தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள், ரவிக்கைக் கொக்கிகள் போட்டபடியே இருந்தன. பஸ்காலின் வாயைத் தொட்டுப் பார்த்தாள், குழந்தையின் உதடுகள் தூக்கத்தில் ஒட்டியிருந்தன. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கைபேசி வெளிச்சத்தைத் திருப்பியபோது, சுவரோரம் மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்த பீப்பாயைத் தவிர அறையில் வேறு ஆளில்லை. தலைமாட்டில் அவள் மூடிவைத்திருந்த செம்பில் மட்டும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

காலையில் மாமனாரிடம் சொன்னாள். "பீப்பாய் குடிக்குது மாமா."

சொல்தா ஞானாதிக்கம் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கட்டும்மா. அவ்ளோ தூரம் கப்பல்ல வந்திருக்கு, தாகம் எடுக்காதா?" என்றார், ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்வதைப் போல.

புதுச்சேரியில் அந்தத் தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் வேறு, ஆனால் வீட்டுக்கு ஒருவராவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிவிட்டு வந்து அந்த நாட்டு ரெத்ரேத்தில், அதாவது ஓய்வூதியப் பணத்தில், காலம் தள்ளியதால் ரெத்ரேத் வீதி என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். பட்டாளத்துக்காரர்களை ஊர் சொல்தா என்றுதான் கூப்பிடும். ஞானாதிக்கமும் ஒரு சொல்தா. அவர் மகன் ரெனே பட்டாளத்துக்குப் போகாமல், பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்தை எட்டிப் பார்க்கிற ஜூரா மலையடிவாரத்தில் ஒரு ஒயின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமாகி, மனைவி பிள்ளைத்தாய்ச்சியாகி, பிள்ளையும் பிறந்தபிறகும் விசா வராததால் செலஸ்தீன் இங்கேயும் அவன் அங்கேயுமாக இருந்தார்கள். மகனோடு இருக்கலாம் என்று போன ஞானாதிக்கம் ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு, காது மடலெல்லாம் வெடித்து, கிடங்கு முதலாளி அன்பாகக் கொடுத்த ஒரு சின்னப் பீப்பாயோடு திரும்பிவந்தார்.

அதற்குள் இருந்தது மஞ்சள் ஒயின். சவாஞ்ஞன் என்கிற வெள்ளைத் திராட்சையை மற்ற எல்லாத் திராட்சையையும் பறித்து முடித்த பிறகு, பனி விழுகிற நேரத்தில், கடைசியாகப் பறித்துப் பிழிந்து, பீப்பாயில் ஊற்றி, பிறகு மனிதன் செய்யக்கூடியதிலேயே கஷ்டமான ஒரு வேலையைச் செய்வார்கள் என்று ரெனே தொலைபேசியில் சொல்லியிருந்தான். அதாவது ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள். மற்ற ஒயினெல்லாம் மரம் குடித்துக் காற்று குடித்துக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். இதை மட்டும் நிரப்பக் கூடாது. குறைகிற இடத்தில், ஒயினின் முகத்தில், ஆறின பாலில் ஏடு கட்டுவதைப் போல வெள்ளையாக ஒன்று படரும். அதற்கு அங்கே முக்காடு என்று பெயர். அந்த முக்காட்டுக்கு அடியில் ஆறு வருஷத்துக்கும் மேல் ஒயின் தனக்குள்ளேயே வற்றி, மஞ்சளாகி, அக்ரோட்டுப் பருப்பு வாசனையும் வறுத்த வெந்தய வாசனையும் வந்து நிற்கும்.

"யார் கண்டுபிடிச்சது இத?" என்று அவள் கேட்டாள்.

"ஏதோ ஒரு மடத்துக் கன்னியாஸ்திரீகள் நிரப்ப மறந்துபோன பீப்பாயாம். ஊர்ல அப்பிடித்தான் சொல்றாங்க."

கன்னியாஸ்திரீகளிடம் படித்த செலஸ்தீனுக்கு அது நம்பும்படி இல்லை. அவளுக்குத் தெரிந்த மதர்கள் எதையும் மறந்தவர்களில்லை.

முக்காடு படர வெயிலும் வேண்டும், குளிரும் வேண்டும். அதனால் ஜூராக்காரர்கள் இந்தப் பீப்பாய்களை நிலவறையில் வைக்காமல் பரணில், கூரைக்குக் கீழே, கோடையில் வேகவும் குளிரில் விறைக்கவும் விட்டுவிடுவார்கள். புதுச்சேரியில் குளிருக்கு எங்கே போவது என்று ஞானாதிக்கம் வீட்டை மூன்று தடவை சுற்றிவந்து, கடைசியில் பிள்ளை தூங்குகிற அறைக்கு முன்னால் நின்று கையைத் தட்டினார். அந்த வீட்டிலேயே அங்கே மட்டும்தான் ஏசி இருந்தது. இரவெல்லாம் பிள்ளைக்காக ஓடும், விடிந்தால் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார்கள். "ராத்திரி ஜூரா, பகல்ல பாண்டி. இதைவிட என்ன வேணும்?" என்று பீப்பாயை அங்கே உருட்டிவந்து, பஸ்காலின் தொட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரம் படுக்கவைத்தார். பீப்பாய்க்குப் பேரன் துணை, பேரனுக்குப் பீப்பாய் துணை என்று அவர் சொன்னபோது செலஸ்தீன் சிரித்தாள்கூட.

முதலில் குறைந்தது செம்புத் தண்ணீர். பிறகு கிரைப் வாட்டர் குப்பி, பிறகு மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கின் எண்ணெய், பிறகு சமையலறையில் மூடிவைத்த பால். ஒரு வாரத்தில் அது சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டுத் தைரியமேரி அக்கா, கணவர் இறந்தபிறகும் நான்கு பேருக்குச் சமைக்கிற பழக்கம் விடாதவள், இராத்திரி மிச்சம் வைத்த சங்கரா மீன் குழம்பு காலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, கெட்டியாகி, எண்ணெய் பிரிந்து நிற்பதைக் கண்டு, திருடித் தின்றவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்து, ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, திட்ட வந்ததை மறந்து, சட்டியோடு தெருவுக்கு ஓடிவந்தாள்.

"ஏ செலஸ்தீனு! உங்க வூட்டுப் பீப்பா என் கொழம்ப இன்னா பண்ணிச்சி? நாப்பது வருசமா நான் வெக்கிற கொழம்புடி இது. இப்பிடி ஒரு ருசி என் மாமியா கையில கூட வந்ததில்ல!"

அன்று முதல் ரெத்ரேத் வீதி சட்டிகளைச் சுமந்துகொண்டு வர ஆரம்பித்தது. பீப்பாய் குடிப்பதைப் பற்றி யாரும் வாய் பிளக்கவில்லை. எதைக் குடிக்கக் கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை வந்தது. தேங்காய்ப் பால் ஊற்றிய கோழி ஏகமனதாகத் தேறியது, ஏனென்றால் ஜூராவிலும் இந்த ஒயினைக் கோழியில்தான் ஊற்றுவார்களாம், பாலாடையும் மலைக்காளானும் போட்டு. வெங்காய வடவம் தாளித்த எதுவானாலும் தேறியது. அவித்த முட்டை தேறியது. காடி ஊற்றிச் சமைத்த வாத்து விந்தாலு தோற்றது, பீப்பாய் அதைத் தொடவேயில்லை, விந்தாலு கொண்டுவந்த வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த பங்குச் சாமியாரிடம் இது பாவமா என்று கேட்டார்கள். அவர் பீப்பாயின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் ஒயினானபோது யாரும் காரணம் கேட்டதாக வேதாகமத்தில் எழுதியில்லை என்றார், போகும்போது ஒரு கிண்ணம் கோழிக்குழம்பு வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானாதிக்கம் பீப்பாயின் இடுப்பில் இருந்த சின்னக் குழாயைத் திருகி, முக்காடு அசையாமல், தங்க நிறத்தில் ஆளுக்கு ஒரு விரல்முனை அளவு பிடித்துக்கொடுப்பார். ஆண்கள் அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். ஜூராவில் இந்த ஒயினை அடைக்கிற குப்பியே ஒரு லிட்டரைவிடச் சின்னதாக, தோள் தட்டையாக இருக்கும் என்றும், ஒரு லிட்டரில் காற்று குடித்தது போக மிச்சம் அவ்வளவுதான் என்றும் அவர் சொல்லும்போது தெரு மரியாதையோடு தலையாட்டும்.

அரைஞாண் நழுவியதைக் கண்டது செலஸ்தீன் மட்டும்தான். ஞானஸ்நானத்தன்று பஸ்காலின் இடுப்பில் கட்டிய வெள்ளி அரைஞாண், சதை பிதுங்கக் கட்டியது, ஒரு நாள் குளிப்பாட்டும்போது தொடை வழியே வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. பிள்ளைக்குச் சிறிதாகிவிட்டதென்று மடித்து உள்ளே வைத்திருந்த, அவளே பின்னிய பிறந்த குழந்தைச் சட்டையை எடுத்துப் போட்டாள். அது தொளதொளவென்று இருந்தது. இத்தனைக்கும் பிள்ளை சோரவில்லை. அதுதான் அவளை நடுங்கவைத்தது. சிறுத்துப்போன அந்த முகத்தில் கண்கள் இன்னும் கறுத்து, இன்னும் பளபளத்து, எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒருவரின் கண்களாக அவளைப் பார்த்தன. அவன் அழுவதையும் விட்டுவிட்டான். அவன் உச்சந்தலையில் பால் வாடை போய் அக்ரோட்டும் வெந்தயமும் மணந்தன.

"நீ பத்தியத்துக்கு வெந்தயக்களி தின்னல்ல, அதாம் புள்ள மேல வருது," என்றாள் தைரியமேரி. ஆனால் தூக்கி மோந்து பார்த்தவள் கீழே விடவில்லை. "ஐயோ, ஐயோ, என் வூட்டுக்காரரு அந்தோணி செத்தப்பறம் நெஞ்சுல ஒரு கல்லு கெடந்துச்சே, அத யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருக்குதுடி."

அது போதுமாயிருந்தது. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மூச்சிரைப்புக்காரர் ஒருவர் வந்தார், மோந்தார், இரைப்பு அடங்கிப் போனார். பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் மோந்தார்கள், ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள். காய்ச்சலில் நாக்கு செத்துப்போன ஒரு பெண்ணுக்கு உப்பும் உறைப்பும் திரும்பிவந்தன. சட்டிகளைக் கீழே வைத்துவிட்டுத் தெரு பிள்ளைக்காகக் கை நீட்டியது. கைமாறிக் கைமாறிப் பஸ்கால் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவரும்போது, வாங்கி மடியில் போட்டவுடன் செலஸ்தீனுக்குத் தெரியும், கொடுத்த பிள்ளையைவிட வந்த பிள்ளை கொஞ்சம் லேசு. போனவர்கள் கன்னமெல்லாம் கொழுத்துப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீட்டிய கையில் இல்லையென்று சொல்லக் கூடாதென்றுதான் மதர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதுவும் பெரியவர்களிடம், அதுவும் புகுந்த வீட்டில்.

டாக்டரம்மா பிள்ளையைத் தராசில் வைத்து, முள்ளைப் பார்த்து, தராசைத் தட்டி, மறுபடி பார்த்து, பிறகு பிள்ளையின் கண்களைப் பார்த்தாள். அவளும் குனிந்து மோந்தாள். "எடை கம்மிதான். ஆனா இவ்ளோ தெளிவான குழந்தைய நான் பார்த்ததில்ல," என்று சொல்லி, எழுதப்போன மருந்தை எழுதாமலே அனுப்பிவிட்டாள்.

"மாமா, புள்ள வத்திப்போறான்."

ஞானாதிக்கம் சாய்வு நாற்காலியில் இருந்து நிமிரவில்லை. "வத்தினாத்தாம்மா சாறு. பீப்பாய்ல ஆகுறது அவனுக்கும் ஆகுது. நல்லதுதானே?"

"இப்பிடியே போனா ஒண்ணுமே இருக்காது மாமா!"

"நானும்தான் வளர்ந்தேன். ஆறடி. அல்ஜேரியாவுல கொண்டுபோய் நிக்கவெச்சு, சுடுன்னான், சுட்டேன். ரெனேவும் வளர்ந்தான், அடுத்தவன் பீப்பாயை உருட்டுறான். பெருசா வளர்ந்து என்னம்மா ஆகப்போவுது? இவன் சின்னதா, வாசனையா, எல்லாருக்கும் நல்லவனா இருக்கட்டுமே." அவர் குரலில் வஞ்சகம் இல்லை. அவர் பேரனைப் போல யாரையும் நேசித்ததில்லை, அவனை மோந்த பிறகு அவருக்கு அல்ஜேரியா கனவில் வருவதும் நின்றுபோயிருந்தது.

அன்று இரவு அவள் ரெனேவைக் கூப்பிட்டபோது, அவன் முதலில் சிரித்தான், அவள் பிள்ளையை வீடியோவில் காட்டியதும் திரைக்கு நெருங்கிவந்து உற்றுப் பார்த்தான். அவன் பின்னால் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள் தெரிந்தன.

"அத நிறுத்துறது எப்பிடிங்க? அத மட்டும் சொல்லுங்க."

"நிறுத்துறதா... நிரப்பிட்டா நின்னுடும். வாய் வரைக்கும் எந்த வெள்ளை ஒயினையாவது ஊத்திட்டா, முக்காடு மேல வந்து கிழிஞ்சிடும். அப்புறம் அது சாதா ஒயின்தான். ஆனா செலஸ்தீன், அத மட்டும் இங்க யாரும் செய்ய மாட்டாங்க. கொலை பண்ற மாதிரி. அப்பா தாங்க மாட்டார்."

"புள்ள அழுது, மூக்கு ஒழுகி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்றாள் அவள். அவனுக்கு அது புரியவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் மாதா திருவிழா. தெருவே சாயங்காலத் தேர்பவனிக்குப் போகக் காத்திருந்தது. நல்ல வெயிலில், பிள்ளையை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு, கான்வென்ட்டில் படித்த, தெருவில் நிமிர்ந்து நடந்தறியாத செலஸ்தீன் பிராந்திக் கடைக்குப் போனாள். அந்த ஊரில் பிராந்திக் கடை இல்லாத முனை கிடையாது, அவள் கடைக்கு எதிரே நடந்தபோதெல்லாம் பார்வையை மாதா கோயில் மணிக்கூண்டில் வைத்தே கடந்திருந்தாள். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் அவளையும் முந்தானையையும் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் தாமாக விலகி வழிவிட்டார்கள்.

"இன்னாம்மா வேணும்? வூட்டுக்காரருக்கா?"

"பீப்பாய்க்கு," என்றாள். "வெள்ளை. திராட்சையில செஞ்சது. இருக்கிறது எல்லாம்."

"சைடிஷ்ஷு? மாங்கா இருக்குது, அவிச்ச முட்ட இருக்குது."

"அது ஒண்ணும் சாப்பிடாது."

அவர் குப்பிகளைச் செய்தித்தாளில் சுற்றி, சாக்கில் போட்டு, ஒரு ரிக்‌ஷாவையும் அவரே கூப்பிட்டுவிட்டார்.

பவனிக்குப் போகும்போது ஞானாதிக்கம் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து, தொட்டிலுக்குள் குனிந்து ஒரு மூச்சு இழுத்து, "தேர் நம்ம தெருவுக்கு வந்ததும் புள்ளைய வெளிய தூக்கிட்டு வா, எல்லாரும் கேக்குறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் பீப்பாயின் முதுகில் இருந்த மர அடைப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினாள். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவ்வளவு அழகாக இருந்தது. கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய நாளில் அவள் தலையில் போட்ட வலைத்துணியைப் போல, சுருக்கம் சுருக்கமாக, மூச்சு விட்டு ஏறி இறங்கிக்கொண்டு, ஒரு முகத்தை மூடிக்கொண்டிருந்தது அந்த முக்காடு. அதற்கடியில் ஏதோ பொறுமையாகக் காத்திருந்தது. அதற்கு யார்மேலும் கோபமில்லை, குடிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் கை நின்றுபோனது. தெருவில் அத்தனை நெஞ்சிலிருந்து கல்லை எடுத்த ஒன்றைக் கொல்ல நான் யார் என்று நினைத்தாள். பிறகு தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டில் துணியில் பள்ளமே விழவில்லை.

ஊற்றினாள். ஒன்று, மற்றொன்று, இன்னொன்று என்று கை கடுக்க ஊற்றினாள், முக்காடு கிணற்றில் நீர் ஏறுவதைப் போல ஏறி ஏறி வாய்க்கு வந்து, ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்து, நுரைபோலக் கிழிந்து அவள் விரல்களில் ஒட்டி, ஒன்றுமில்லாமல் போனது. பீப்பாய் வழிந்தது. அறை முழுக்கச் சாதாரணமான, புளித்த, பிராந்திக் கடை வாசனை அடித்தது. தொட்டிலுக்குள்ளிருந்து முதலில் ஒரு தும்மல் வந்தது, பிறகு ஒரு முனகல், பிறகு எல்லாப் பிள்ளைகளையும் போல, அறிவுகெட்ட, அடக்கமாட்டாத, காது கிழிகிற அழுகை. அள்ளியெடுத்தாள். அவன் மூக்கு ஒழுகியது. அவள் மேலேயே ஒன்றுக்குப் போனான். முட்டி மோதி மார்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டை அடைக்க, விடாமல் குடித்தான். குடிக்கக் குடிக்க அவள் முழங்கையில் ஒரு வலி எடுத்தது, கனம் தாங்குகிற வலி.

அந்த நேரம் தேர் முனை திரும்பிக்கொண்டிருந்தது. தெருவில் வாத்தியம் தடுமாறி நின்றது. மூச்சிரைப்புக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் விட்டுத் தள்ளி நின்றார்கள், தைரியமேரி நடுவீதியில் "அந்தோணி!" என்று கத்தினாள். பிறகு அத்தனை பேரும் அந்த வீட்டை நோக்கி வந்தார்கள். சத்தம் கேட்டு, குடிக்கிற பிள்ளையோடு செலஸ்தீன் வாசல் நிலைக்கு வந்து நின்றாள்.

ஞானாதிக்கம்தான் முதலில் வாசலுக்கு வந்தார். நடைவழியில் ஓடிவருகிற ஒயினைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், ஆனால் படியேறவில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊத்திட்டியாம்மா?"

"ஊத்திட்டேன் மாமா."

"சரி." கழற்றிய செருப்பைக் காலால் ஒதுக்கினார். "சரி, போவட்டும். புள்ள மேல கொஞ்சம் மிச்சம் இருக்கும். கடைசியா ஒரே ஒருவாட்டி மோந்துக்கறேன். இன்னிக்கி ராத்திரி தூங்கணும்மா நான்."

அவர் கை நீட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் தைரியமேரி கை நீட்டினாள், "எனக்கும்டி செலஸ்தீனு, ஒரே ஒரு மூச்சு, பெத்தவளாட்டம் கேக்குறன்." அதற்குப் பின்னால் இன்னும் கைகள், வளையல் போட்டவை, காய்ப்புக் காய்த்தவை, ஜெபமாலை சுற்றியவை, எல்லாமே அவளுக்குத் தெரிந்த கைகள், அவளுக்குப் பேறுகாலத்தில் கஷாயம் வைத்துக்கொடுத்த கைகள். பிள்ளையை நீட்டத்தான் அவள் தோள் முன்னால் அசைந்தது, பழக்கத்தால், மரியாதையால், மாமனார் நிற்கிறார் என்பதால். பஸ்கால் மார்பை விடாமல் ஈறுகளால் கடித்தான், அந்த வலியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீர்வழியே பார்த்தபோது கைகள் மட்டும் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை.

"இல்ல மாமா," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. அதை இன்னொரு தடவை சொன்னால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால், சொல்லாமல், பிள்ளையை இடது கையில் ஏற்றிக்கொண்டு, வழிகிற ஒயினில் கால் வழுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு, தேக்குக் கதவின் இரண்டு பலகைகளையும் மாமனாரின் மெடல்களுக்கு முன்னால், தெருவின் அத்தனை விரல்களுக்கு முன்னால், தோளால் தள்ளிச் சேர்த்து, துருவேறி நகர மறுத்த தாழ்ப்பாளை உள்ளங்கை கிழிய அழுத்தி, அது போய் விழுகிற வரைக்கும் தள்ளிப் போட்டாள்.